ஐந்தாவது கணினி ஏன் சேர மறுத்தது? கொலம்பியாவின் முதல் கவுண்ட்டவுன் நின்ற நாள்

1981 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை காலை. ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ ஏவுதளத்தில் கொலம்பியா நிற்கிறது. உள்ளே ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் மல்லாந்து படுத்த நிலையில் இருக்கைகளோடு கட்டப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடம் முதன்முதலாக விண்ணுக்குப் பறக்கப்போகும் நாள். ஆளில்லாமல் ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் மனிதர்களை ஏற்றுவது என்ற வழக்கம் இதற்குப் பொருந்தவில்லை. முதல் பயணத்திலேயே இரண்டு பேர்.

கவுண்ட்டவுனில் இன்னும் 20 நிமிடம் இருக்கும் கட்டத்தில் ஓடத்தின் கணினிகள் தரைச் சோதனை நிலையிலிருந்து ஏவுதலுக்கான நிலைக்கு மாற வேண்டும். முதன்மைக் கணினிகள் நான்கும் மாறின. ஐந்தாவதாக ஒரு பேக்கப் கணினி உண்டு. அது இந்த நான்கின் நடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வர வேண்டும். அது சேரவில்லை. எவ்வளவு முயன்றும் சேரவில்லை. கடைசியில் அன்றைய ஏவுதலையே கைவிட்டார்கள். பல மணி நேரம் படுத்துக் கிடந்த இருவரும் இறங்கி வந்தார்கள்.

எந்தக் கம்பியும் அறுந்திருக்கவில்லை, எந்தப் பெட்டியும் பழுதாகவில்லை. நான்கு கணினிகளும் தங்களுக்குள் முழு ஒற்றுமையோடு ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாவதும் தன்னளவில் சரியாகவே இருந்தது. கோளாறு இரண்டு தரப்புக்கும் நடுவில் இருந்தது.

நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன். இரண்டு சர்வர், நடுவில் ஒரே ஸ்டோரேஜ், ஒன்று விழுந்தால் மற்றது அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அமைப்போடுதான் என் நாட்கள் போகின்றன. பொதுவான ஒரு வன்பொருளின் பிடியை ஒரு கணினியிடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்பதை இந்த நிகழ்வு காட்டும் அளவுக்கு வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பஸ்ஸில் பேசும் உரிமை

ஓடத்தில் இருந்தவை ஐபிஎம் தயாரித்த ஏபி-101 வகைக் கணினிகள். ஐந்தும் அச்சு அசலாக ஒரே வன்பொருள். நினைவகம் ஃபெர்ரைட் வளையங்களால் ஆனது, ஒவ்வொன்றிலும் அரை மெகாபைட்டுக்கும் குறைவு. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. அதை வைத்துக்கொண்டு ஓடத்தை விண்ணுக்கு ஏற்றி, சுற்றுப்பாதையில் நடத்தி, இறக்கையோடு தரையிறக்கவும் வேண்டும்.

சென்சார்கள், எஞ்சின்கள், இறக்கை மடிப்புகளை அசைக்கும் கருவிகள் எல்லாமே டேட்டா பஸ் எனப்படும் பொதுவான தடங்களில் தொங்குகின்றன. ஐந்து கணினிகளுக்கும் எல்லாத் தடங்களோடும் இணைப்பு உண்டு. ஆனால் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் கட்டளை கொடுக்கலாம். மற்றவை அதே தடத்தில் காது கொடுத்துக் கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. ஆக, ஒரு தடத்தில் யார் பேசுகிறாரோ அவர் கையில்தான் அந்த வன்பொருள் இருக்கிறது.

நான்கு முதன்மைக் கணினிகளிலும் ஒரே மென்பொருள். அதை எழுதியது ஐபிஎம். நான்கும் ஒரே தரவை வாங்கி, ஒரே கணக்கைப் போட்டு, நொடிக்குப் பல நூறு முறை ஒன்றுக்கொன்று ‘நான் இங்கே வந்துவிட்டேன், நீ?’ என்று கேட்டுக்கொண்டு கால்மாறாமல் நடக்கும். ஒன்று கெட்டுப்போனால் என்ன ஆகும்? இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இறக்கை மடிப்பை அசைக்கும் ஹைட்ராலிக் கருவி. அதில் நான்கு வால்வுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடத்தில் கட்டளை வருகிறது. ஒரு கணினி கிறுக்குத்தனமாக ‘மேலே’ என்று சொல்லி, மற்ற மூன்றும் ‘கீழே’ என்றால், மூன்று வால்வின் எண்ணெய் அழுத்தம் ஒன்றை அமுக்கிவிடும். வாக்கெடுப்பை நடத்த நடுவில் ஒரு பெட்டி இல்லை. கருவியே தன் உடல்பலத்தால் வாக்கை எண்ணுகிறது. நடுவில் ஒரு பெட்டி வைத்திருந்தால் அது கெட்டுப்போனபோது என்ன செய்வது என்று இன்னொரு கேள்வி முளைத்திருக்கும்.

சரி, நான்கு கணினி இருக்கும்போது ஐந்தாவது எதற்கு? நான்கிலும் ஓடுவது ஒரே மென்பொருள். அதில் ஒரு பிழை இருந்தால் நான்கும் ஒரே நொடியில், ஒரே மாதிரி தவறும். வாக்கெடுப்பு அங்கே செல்லாக்காசு. அதனால் ஐந்தாவதில் வேறு குழு எழுதிய வேறு மென்பொருளை வைத்தார்கள். அதன் பொறுப்பு ஓடத்தைக் கட்டிய ராக்வெல் நிறுவனத்திடம் இருந்தது. இந்த மென்பொருளால் எல்லா வேலையும் செய்ய முடியாது. ஏறவும் இறங்கவும் தேவையானதைச் செய்யும்.

முதன்மை மென்பொருள் கைவிட்டுவிட்டது என்று விமானி தீர்மானித்தால், கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் கணத்தில் தனி மின்சுற்று ஒன்று நான்கு முதன்மைக் கணினிகளும் தடங்களில் பேசும் வழியை அடைத்துவிடும். பேக்கப் எல்லாத் தடங்களையும் எடுத்துக்கொள்ளும். முதலில் பழையவரின் வாயை அடைப்பது, அப்புறம் புதியவரைப் பேசவிடுவது என்ற இந்த வரிசையைத்தான் இன்றைய கிளஸ்டர்களிலும், அதாவது ஒன்றுக்கொன்று துணையாக ஓடும் சர்வர் கூட்டங்களிலும், செய்கிறோம். பழைய சர்வரின் மின்சாரத்தைத் துண்டிக்கிறோம், அல்லது டிஸ்க்கின் மீது அதற்கு இருந்த முன்பதிவை ரத்து செய்கிறோம். அது நடந்தது உறுதியான பிறகுதான் இரண்டாவது சர்வர் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். இரண்டு பேரும் ஒரே டிஸ்க்கில் எழுதிவிட்டால் அந்தத் தரவைக் காப்பாற்ற முடியாது. பறக்கும் ஓடத்தில் இரண்டு பேர் ஒரே தடத்தில் பேசினால் என்ன ஆகும் என்பதை எழுதவே மனம் வரவில்லை.

அழுத்துவது மனிதர் என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கும் தவறிவிட்டன என்று ஒரு இயந்திரம் தானாகத் தீர்மானிக்கும்படி விடவில்லை. கணினிகள் ஒன்றைப் பற்றி ஒன்று என்ன நினைக்கின்றன என்பதைக் காட்ட ஐந்துக்கு ஐந்தாக ஒரு விளக்குப் பலகை விமானியின் முன் இருந்தது. எந்தக் கணினி எந்தக் கணினியைக் கெட்டது என்கிறது என்று பார்த்து, விமானி முடிவெடுக்க வேண்டும். இது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

கேட்டுக்கொண்டே இருப்பவர்

பொத்தானை அழுத்திய அந்த நொடியில் பேக்கப் கணினி தூங்கி எழுந்ததுபோல் ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று கேட்க முடியாது. ஓடம் எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் போகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, முதன்மைக் கணினிகள் சென்சார்களைக் கேட்கும்போது வரும் பதிலை ஐந்தாவதும் ஒட்டுக்கேட்பது. முதன்மைக் கணினி ஒரு சென்சாரிடம் ‘எண்ணைச் சொல்’ என்கிறது, சென்சார் சொல்கிறது, பேக்கப் அமைதியாகக் குறித்துக்கொள்கிறது.

கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்கம் வாசிக்கும்போது கடம் வாசிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. மனதுக்குள் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முறை மாறும்போது சரியான எடுப்பில் விழுகிறார். மற்றவர் எண்ணும் எண்ணிக்கையும் இவர் எண்ணும் எண்ணிக்கையும் ஒரு அட்சரம் தள்ளியிருந்தால், இருவரும் எவ்வளவு பெரிய வித்வான்களாக இருந்தாலும் எடுப்பு தப்பும். கொலம்பியாவில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஆனால் இந்த இருவரும் தாளம் போடும் முறையே வேறு. முதன்மை மென்பொருள் முன்னுரிமைப்படி ஓடுவது. எந்த வேலை அவசரமோ அது முந்தும், மற்றது காத்திருக்கும். பேக்கப் மென்பொருளில் நேரத்தைத் துண்டுதுண்டாகப் பங்கிட்டு, இந்தத் துண்டில் இந்த வேலை என்று எழுதிவைத்திருந்தார்கள். முன்னதில் ஒரு சென்சாரை எப்போது கேட்பார்கள் என்பது நிலைமையைப் பொறுத்தது, பின்னதுக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். பேக்கப் பின்தொடர வசதியாக முதன்மை மென்பொருளும் குறித்த கணத்தில், குறித்த வரிசையில் தரவு கேட்கும்படி சமரசம் செய்தார்கள். இரண்டு குழுக்கள், இரண்டு சிந்தனைகள், நடுவில் ஒரு ஒட்டு. இப்படிப்பட்ட ஒட்டுகளில்தான் பிழை குடியேறும் என்பது என் அனுபவமும்கூட.

இன்னொரு ஏற்பாடும் பேக்கப்பில் இருந்தது. முதன்மைக் கணினிகள் கெட்டுப்போய்த் தடங்களில் கண்டபடி கேட்கத் தொடங்கினால், அந்தக் குப்பையைத் தானும் வாங்கிக் கெட்டுப்போகக் கூடாது அல்லவா? அதனால் எதிர்பார்த்த நேரத்துக்கு வராத தரவைக் கண்டால் அதை இரைச்சல் என்று முடிவுகட்டி, அந்தத் தடத்தைக் கேட்பதை நிறுத்திவிடும். ஏப்ரல் 10 அன்று அது செய்தது அதைத்தான்.

‘இப்போது மணி என்ன?’

அப்படியானால் முதன்மைக் கணினிகள் தவறான நேரத்தில் பேசினவா? ஆமாம். ஆனால் நான்கும் ஒன்றுபோலத் தவறின. அதனால் நான்கில் ஒன்றுக்கும் அது தெரியவில்லை.

இதன் தொடக்கம் ஏவுதலுக்கு ஏறத்தாழ 30 மணி நேரத்துக்கு முன்பு, முதன்மைக் கணினிகளில் முதலாவதை உயிர்ப்பித்த கணம். முதலில் எழும் கணினிக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. எல்லாச் சுழற்சி வேலைகளுக்கும் ஆரம்பப்புள்ளியாக ஒரு ‘தொடக்க நேரத்தை’ அது கணக்கிட வேண்டும். ஓடத்தின் தரவுகளைத் திரட்டித் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி அமைப்புக்கு ஒரு கடிகாரம் உண்டு, அதனோடு பொருந்தும்படி இந்த நேரம் அமைய வேண்டும். பின்னால் எழும் கணினிகள் அந்த நேரத்தை முதலாவதிடமிருந்து அப்படியே வாங்கிக்கொள்ளும். அதற்கப்புறம் பறப்புக் கட்டுப்பாடு போன்ற வேலைகள் நொடிக்கு 25 முறை, அதாவது 40 மில்லி நொடிக்கு ஒருமுறை, அந்தத் தொடக்க நேரத்திலிருந்து எண்ணித்தான் ஓடும்.

தொடக்க நேரத்தைக் கணக்கிட முதலில் ‘இப்போது மணி என்ன?’ என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் விஷயம் சிக்கலாகிறது. பல கணினிகள் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் துளித்துளி வித்தியாசம் வரும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல், இயங்குதளத்தின் டைமர் வரிசையில் (எந்த வேலை எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்ற பட்டியலில்) முதலாவதாக நிற்கும் வேலையின் நேரத்தை ‘இப்போது’ என்று எடுத்துக்கொள்ளும் முறையை வைத்திருந்தார்கள். அந்த எண் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்கும். நல்ல யோசனைதான். முதல் கணினி தனியாக எழும்போது அந்த வரிசை காலியாக இருக்கும். காலியாக இருந்தால் உண்மையான கடிகார நேரமே கிடைக்கும். ‘காலியாக இருக்கும்’ என்ற அந்த நம்பிக்கையின் மீதுதான் மொத்தமும் நின்றது.

ஏவுதலுக்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, டேட்டா பஸ்களைத் தயார்ப்படுத்தும் ஒரு துணை நிரலை மாற்றினார்கள். அது தொடக்க நேரக் கணக்குக்கு முன்பாக ஓடுவது. மாற்றத்தில் ஒரு சிறிய தாமதம் சேர்ந்தது. தாமதம் என்றால் டைமர் வரிசையில் ஒரு பதிவு. அன்றிலிருந்து வரிசை காலியாக இல்லை. முதல் கணினி ‘மணி என்ன?’ என்று கேட்டபோது கிடைத்த பதில் அந்தத் தாமதம் முடியும் நேரம். ஆனாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தாமதத்தின் அளவு அப்படி அமைந்திருந்தது. அதற்கப்புறம், ஏவுதலுக்குச் சுமார் ஓராண்டு இருக்கும்போது, வேறொரு காரணத்துக்காக அந்தத் தாமதத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிக்குறைத்தார்கள். அந்த மாற்றம் ஒரு குறுகிய ஜன்னலைத் திறந்துவிட்டது. கணினியை எழுப்பும் கணம் தற்செயலாக அந்த ஜன்னலுக்குள் விழுந்தால், சில தரவுக் கோரிக்கைகள் மற்ற வேலைகளோடு ஒப்பிடும்போது ஒரு சுழற்சி முன்னதாக ஓடத் தொடங்கும். அப்படி விழ 67-க்கு 1 வாய்ப்பு.

முதல் பயணத்துக்காகக் கணினியை எழுப்பியபோது அந்த ஒன்று விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த வித்தியாசம் அப்படியே உறைந்துபோனது. ஒரு நாளுக்கும் மேலாக நான்கு கணினிகளும் எல்லாச் சோதனைகளையும் நன்றாகவே தாண்டின, ஏனென்றால் யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? நான்கும் ஒரே தொடக்க நேரத்தை வாங்கியவை. முதன்முதலாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வெளியாள் ஒருவருக்கு, அதாவது ஐந்தாவது கணினிக்கு, 20 நிமிடக் கட்டத்தில்தான் கிடைத்தது. அது கேட்டது, ‘இது என் எண்ணிக்கைக்குப் பொருந்தவில்லை’ என்றது. பார்ப்பவர்களுக்கு பேக்கப் பழுதாகிவிட்டதாகத்தான் தோன்றும். உண்மையில் அந்த ஏவுதளத்தில் தாளத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

சோதனைகளில் ஏன் சிக்கவில்லை

இந்த மென்பொருளை மணிக்கணக்கில், மாதக்கணக்கில் சோதித்திருந்தார்கள். சோதிப்பவர்கள் அலட்சியமானவர்கள் அல்ல. ஆனால் சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு முறையும் கணினியை அடியிலிருந்து எழுப்பி, எல்லாவற்றையும் தயார்ப்படுத்திவிட்டுச் சோதனையைத் தொடங்க நிறைய நேரம் பிடிக்கும். அதனால் ஏற்கெனவே தயாரான ஒரு நிலையைச் சேமித்துவைத்து, அங்கிருந்து தொடங்குவார்கள். ஏறுவது, இறங்குவது, எஞ்சின் அணைவது எல்லாவற்றையும் அந்தச் சேமித்த நிலையிலிருந்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டலாம். பிழை இருந்ததோ அதற்கு முந்தைய கணத்தில். மின்சாரம் வந்து முதல் கணினி கண் விழிக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே ஜன்னல் திறந்திருக்கும், அதிலும் 67-க்கு 1.

நாங்களும் இதே தவறைச் செய்கிறோம் என்பதால் இந்த இடத்தில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்கி, மற்றது பிடித்துக்கொள்கிறதா என்று பார்க்கிறோம். பிடித்துக்கொண்டால் திருப்தியோடு டீ குடிக்கப் போய்விடுகிறோம். கட்டடத்தின் மின்சாரமே போய், இரண்டும் ஒன்றாக எழும்போது யார் முதலில் எழுவார், யாரிடமிருந்து யார் நேரத்தை வாங்குவார் என்று எத்தனை பேர் சோதித்துப் பார்க்கிறோம்?

பிழையைத் துப்பறிந்த விதத்திலும் ஒரு பாடமான செயல் இருக்கிறது. உடனே எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லவில்லை. கணினிகளின் நினைவகத்தில் இருந்ததை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு, நேரங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடினார்கள். அணைத்திருந்தால் தடயம் அழிந்திருக்கும். அடுத்த முறை எழுப்பும்போது 67-க்கு 66 வாய்ப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமலேயே போயிருக்கும்.

இந்த நிகழ்வை அதே ஆண்டு விரிவாக எழுதிவைத்தவர் நாசாவின் மென்பொருள் பிரிவில் இருந்த ஜாக் கார்மன். 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கும்போது கணினி எச்சரிக்கை மணி அடித்ததே, அதைப் பொருட்படுத்தாமல் தொடரலாம் என்று தரையிலிருந்து சொன்ன இளைஞர் அவர். ஒரு கணினியின் எச்சரிக்கையை எப்போது ஒதுக்கலாம், எப்போது ஒதுக்கக் கூடாது என்பதை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர்.

ஒதுக்கியிருக்க முடியுமா? அன்று அப்படியே கிளப்பியிருந்தால் முதன்மைக் கணினிகள் ஓடத்தை ஒழுங்காக மேலே கொண்டுபோயிருக்கக்கூடும். ஒரு சுழற்சி வித்தியாசம் அவற்றின் வேலையைக் கெடுத்துவிடவில்லை. ஆனால் விமானிகள் கைப்பிடியில் பொத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, அதன் பின்னால் எதுவும் தெரியாத ஒரு கணினியோடு போயிருப்பார்கள். நிறுத்தியதுதான் சரி.

ஞாயிறு காலை

காரணம் தெரிந்த பிறகு, நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. ஏவுதலுக்கு இரண்டு நாள் முன்பு நிரலைத் திருத்தினால் அந்தத் திருத்தம் எதைக் கெடுக்கும் என்று யார் சொல்வது? முதன்மைக் கணினிகளை அணைத்து, மீண்டும் எழுப்பினார்கள். இந்த முறை ஜன்னலுக்குள் விழவில்லை. தொடக்க நேரம் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் அணைக்கும்வரை அது மாறாது என்பதும் இப்போது தெரிந்திருந்தது.

ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான ககாரின் பறந்து சரியாக 20 ஆண்டுகள் நிறைந்த நாள். தேதி அப்படி அமைந்தது தற்செயல்தான். 20 நிமிடக் கட்டம் வந்தது. ஐந்தாவது கணினி நான்கின் பேச்சைக் கேட்டது, எண்ணிக்கை பொருந்தியது, சேர்ந்துகொண்டது. உள்ளூர் நேரம் காலை 7 மணிக்குக் கொலம்பியா கிளம்பியது. இரண்டு நாட்களுக்கு மேல் பூமியைச் சுற்றிவிட்டு 14-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கியது.

இதே ஜான் யங் 1983-இல் மீண்டும் கொலம்பியாவின் தளபதியாகப் போனார். டிசம்பர் 8, பூமிக்குத் திரும்பத் தயாராகும் நேரம். திசைமாற்றும் சிறு எஞ்சின் வெடித்துக் கிளம்பிய அதிர்வில் ஒரு முதன்மைக் கணினி செயலிழந்து விழுந்தது. சில நிமிடங்களில் இன்னொன்றும் விழுந்தது. இந்த முறை மென்பொருளில் ஒன்றுமில்லை. கணினிகளுக்குள் உதிர்ந்து கிடந்த ஈயப்பற்றுத் துகள் செய்த வேலை. தரையிறங்குவதை ஏறத்தாழ எட்டு மணி நேரம் தள்ளிப்போட்டார்கள். இப்படிக் கணினி விழும் நாளுக்காகவே எந்தத் தடம் எந்தக் கணினியின் கையில் என்று குறிக்கும் ஒரு ஒதுக்கீட்டு அட்டவணை ஓடத்தில் இருந்தது. விழுந்தவர் பேசிக்கொண்டிருந்த தடத்தை ஓடிக்கொண்டிருப்பவருக்கு எழுதிக்கொடுப்பது அதில்தான். ஓடம் நல்லபடியாக இறங்கியது. இறங்கும்போது, உயிர்ப்பித்திருந்த கணினிகளில் ஒன்று மறுபடியும் விழுந்தது. மற்றவை பிடித்துக்கொண்டன.

மொத்தம் 135 பயணங்கள். ஒவ்வொன்றிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானிகளின் கைக்கெட்டும் இடத்தில் அந்தப் பொத்தான் இருந்தது. பறக்கும்போது ஒருமுறைகூட யாரும் அதை அழுத்தி பேக்கப்பிடம் ஓடத்தை ஒப்படைக்கவில்லை. 2011 ஜூலையில் அட்லாண்டிஸ் கடைசியாகத் தரையிறங்கி ஓடுதளத்தில் சக்கரங்கள் நின்றபோதும், ஐந்தாவது கணினி தடங்களில் காது வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.